சுனைப்பாறையில் நாலு நிமிடம்

கேமராவுக்கு எந்த ஃபில்டர் வாங்கலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள். போன வாரம் மட்டும் ஏழு பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் கேள்வியோடு படமும் அனுப்பியிருந்தார். கண்மாய், கரையில் பனைமரம், மேலே மேகம். தண்ணீர் பால் மாதிரி உறைந்து கிடந்தது. "ஓர் ஆள்கூட இல்லாமல் எடுக்க மூன்று நாள் காத்திருந்தேன் மேடம்" என்று கீழே எழுதியிருந்தார். நம் புகைப்படக் குழுவில் எல்லோரும் கைதட்டியிருந்தீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அது அரிமளம் பக்கத்துக் கண்மாய். எனக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே அங்கே துவைக்க ஆள் வந்துவிடும். மாடு வரும், பைக் கழுவ ஆள் வரும். மூன்று நாள் காத்திருந்து அவர் எடுத்தது எந்தக் கண்மாயை?

குழுவின் ஆண்டு மலருக்குப் புதியவர்களுக்கான அனுபவக் கட்டுரை வேண்டும் என்றீர்கள். அனுபவம் என்றால் ஜெயித்த கதை என்று நினைக்கிறீர்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. முழங்கால் போய், கேமராவை உறையில் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. உட்கார்ந்து எழுதும் பொறுமை அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. இந்தப் பக்கத்துக்குள் நாலு தடவை எழுந்து வாசல்வரை போய் வந்துவிட்டேன். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதனால் ஓர் ஊர் தன் பாதையை இழக்க இருந்தது. படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போய் ஃபில்டர் கண்ணாடி வாங்குங்கள்.

புதுக்கோட்டையில் எனக்கு ஸ்டுடியோ. சோறு போட்டது கல்யாணமும் காதுகுத்தும். பாறையும் வானமும் எடுப்பது என் பைத்தியம். ஒரு வருடம் விளம்பர ஏஜென்சிக்காரர் ஒருவர் வந்தார். சுவர்க் காலண்டருக்குப் பன்னிரண்டு படம் வேண்டும். "நம்ம மாவட்டமா இருக்கணும்க்கா. ஆனா சுத்தமா இருக்கணும். ஆளு, ஆடு, கொடிக்கம்பம், பிளாஸ்டிக் குடம் எதுவும் இருக்கப்படாது" என்றார். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குன்றாண்டார்கோவிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பாறை இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஊர்க்காரர்கள் அதைச் சுனைப்பாறை என்பார்கள். நீளமாக, முதுகு வளைந்து கிடக்கும். ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் வயலும் பஸ் வரும் சாலையும். மேலே சித்திரையிலும் வற்றாத ஒரு சுனை. சுனைக்குப் பக்கத்தில் கருப்பருக்கு நட்ட வேல். பாறையைச் சுற்றிப் போனால் அரை மணி நேரம், ஏறி இறங்கினால் பத்து நிமிடம். அதனால் எல்லோரும் ஏறித்தான் போவார்கள். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள், அந்தப் பக்கம் இறங்கிய பிறகுதான் காலில் போடுவார்கள். கருப்பர் இருக்கும் பாறை, செருப்புக் கால் படக்கூடாது. எத்தனை தலைமுறையாக இப்படி வெறுங்காலில் நடக்கிறார்களோ தெரியாது. பாதையை யாரும் வெட்டவில்லை. கால் பட்டுப் பட்டுக் கல் வழுவழுப்பாகி, காலை வெளிச்சத்தில் எண்ணெய் தடவியதுபோல ஒரு நீண்ட மினுமினுப்புத் தெரியும். அதுதான் பாதை.

என் கண்ணுக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. கறுத்த பாறையின் நடுவே வெள்ளையாக ஒரு தீற்றல். அதைப் போக்க போலரைசரை மாட்டினேன். அது பளபளப்பை வெட்டும் கண்ணாடி. வளையத்தைத் திருப்பத் திருப்ப, தண்ணீர் மேலும் கல் மேலும் இருக்கும் பளபளப்பு மங்கிப்போகும். கால் வட்டம் திருப்பினேன், பாதை போய்விட்டது. பாறை ஒரே நிறமாக, ஆண்டாண்டுகளாக யாரும் தொடாத மாதிரி நின்றது.

அடுத்தது ஆட்கள். வேலைக்குப் போகிறவர்கள், தண்ணீருக்கு வருகிறவர்கள், ஆடு ஓட்டுகிறவர்கள் என்று நடை ஓயவே இல்லை. அதற்கும் என்னிடம் ஒரு கண்ணாடி இருந்தது. கன்னங்கரேல் என்று, கண்ணில் வைத்தால் சூரியன் மட்டும் தெரியும். வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். கால் நொடியில் முடியும் படத்துக்கு நாலு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். அந்த நாலு நிமிடமும் அசையாமல் இருப்பது மட்டும்தான் படத்தில் பதியும். நடந்து போகிறவர் எந்த இடத்திலும் பதியும் அளவுக்கு நிற்பதில்லை. கரைந்து போவார். உங்களுக்குத் தெரிந்ததுதான். மலரைப் புரட்டும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரே சிக்கல், அவர்கள் நடந்தபடி இருக்க வேண்டும். அவர்களோ கேமராவைப் பார்த்ததும் நின்றார்கள். முன்னால் நின்றவள் செல்வி. நாற்பது வயது இருக்கும். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் தூக்குவாளி.

"இங்க என்ன கெடக்குன்னு படம் புடிக்கிறீங்கக்கா?"

"நிக்காதீங்க. நடந்துக்கிட்டே இருங்க."

"ஏன், நின்னா என்ன?"

"நின்னா படத்துல விழுந்துருவீங்க."

"விழுந்தா ஒடஞ்சா போயிருவேன்?"

பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"நாலே நாலு நிமிஷம். ஒங்க பாட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நடங்க. நிக்க மட்டும் செய்யாதீங்க."

"நாங்க இருந்தா படம் கெட்டுப் போயிருமோ?"

"ஆமா" என்றேன். இவ்வளவு பச்சையாக.

செல்வி தூக்குவாளியை ஏற்றிப் பிடித்தாள். "அப்பச் சரி. கெடுக்கல. வாங்கடி, அக்கா வெரட்டுறாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். எல்லோரும் நடந்தார்கள். நான் ஷட்டரைத் திறந்தேன்.

படம் பிரமாதமாக வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். கறுத்த பாறை, மேலே இழுத்துவிட்ட பஞ்சு மாதிரி மேகம், ஒரு ஜீவன் இல்லை. காலண்டரில் வந்தது. போட்டி ஒன்றில் முதல் பரிசும் கிடைத்தது. "கம்ப்யூட்டரில் எதையும் மாற்றவில்லை, எல்லாம் கேமராவிலேயே எடுத்தது" என்று மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். உண்மைதான். மாற்ற வேண்டியதை எல்லாம் முன்னாலேயே கண்ணாடியில் மாற்றிவிட்டேனே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கறுப்புக் கண்ணாடியை மாட்டினால் கேமராவில் ஒன்றும் தெரியாது. அதனால் கண்ணாடி எதுவும் இல்லாமல் முதலில் ஒரு சோதனைப் படம் எடுத்து வெளிச்சத்தைக் கணக்குப் பார்ப்போம். அன்றைக்கும் எடுத்தேன். அதில் செல்வி இருந்தாள், தூக்குவாளி இருந்தது, ஆடுகள் இருந்தன, பாதை பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அழித்துவிட்டேன். சோதனைப் படத்தை யார் வைத்திருப்பார்கள்?

மூன்று வருடம் கழித்து, ஒரு மத்தியானம் செல்வி ஸ்டுடியோவுக்குள் வந்தாள். கூட அவள் மகள், கல்லூரியில் படிக்கிற பெண். நான் முதலில் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன். மகள் உட்காரவில்லை. ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தாள். என் படம்தான். கறுப்பு வெள்ளை நகல், ஓரத்தில் பொடி எழுத்தில் என் பெயர்.

"இது நீங்க எடுத்ததா?"

"ஆமா. எங்க கெடச்சுச்சு?"

"தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்குனோம். எங்க பாறையக் குவாரிக்குக் கேட்டிருக்காங்க. அந்த விண்ணப்பத்துல இது இருக்கு."

படத்துக்குக் கீழே தட்டச்சு செய்திருந்ததைப் படித்தேன். 'இடத்தின் தற்போதைய நிலை: தரிசுப் பாறை. பாதை இல்லை. மக்கள் புழக்கம் இல்லை.'

காலண்டர் போட்ட அதே ஏஜென்சிதான் குவாரிக்காரர்களுக்கும் விண்ணப்பம் தயாரித்துக் கொடுத்திருந்தது. கையில் ஒரு படம் இருந்தது, எடுத்து ஒட்டிவிட்டார்கள். பாறை அரசுப் புறம்போக்கு. அதன்மேல் போகும் நடைபாதை எந்த வரைபடத்திலும் கிடையாது. ஊர்க்காரர்கள் கையில் இருந்தது வாய்ப்பேச்சு. குவாரிக்காரர்கள் கையில் இருந்தது என் படம். அடுத்த புதன்கிழமை வருவாய்த்துறை அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். பாதை இல்லை, புழக்கம் இல்லை என்று அவர் எழுதிவிட்டால் பாறை போகும், சுனையும் போகும்.

செல்வி சுவரில் மாட்டியிருந்த பெரிய பிரேமைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதே படம், கலரில்.

"நீங்கதான அன்னைக்கு நடங்க நடங்கன்னு வெரட்டுனது?"

"ஆமா."

"நீங்க சொன்னீங்கன்னுதான நடந்தோம். நின்னுருந்தா இதுல இருந்துருப்போம்ல?"

இருபது வருடத்துக்கு மேல் கல்யாண வீடுகளில் மாமியார், மருமகள், குடிகாரச் சித்தப்பா எல்லோருக்கும் பதில் சொன்னவள் நான். அன்றைக்கு எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். சோதனைப் படத்தைத் தேடினேன். பழைய கார்டு, பழைய டிஸ்க், அலமாரிக்கு அடியில் கிடந்த டப்பா எல்லாவற்றையும் கொட்டினேன். இல்லை. அழித்தது நான்தான் என்று தெரிந்தும் சாயந்திரம்வரை தேடினேன்.

ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டேன். "படத்தக் குடுத்தாச்சு, அது எங்க போனா ஒங்களுக்கு என்னக்கா? நீங்க கலைஞர். இந்தச் சண்டைக்குள்ள எல்லாம் வராதீங்க" என்றார். அப்புறம் குரல் மாறியது. "ஒங்க படமே பொய்யின்னு நீங்களே சொன்னா, பரிசு குடுத்தவங்க என்ன நெனப்பாங்க? அடுத்து யாரு ஒங்களக் கூப்பிடுவாங்க? யோசிங்க."

யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். படம் பொய் இல்லை, எடுத்த முறை சரி, பயன்படுத்தியவன்தான் தப்பு என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் "நாங்க இருந்தா படம் கெட்டுப் போயிருமோ" என்று அவள் கேட்டதும், நான் ஆமா என்றதும் எந்த வாதத்துக்குள்ளும் அடங்கவில்லை.

புதன்கிழமை பத்தரைக்குப் போய்விட்டேன். அதிகாரி வரப் பதினொன்று தாண்டியது. கூட ஒரு சர்வேயர். வெள்ளைக் காரில் குவாரி மேனேஜர். அடிவாரத்தில் ஊரே திரண்டு நின்றது. அதிகாரி ஷூவோடு பாறையில் கால் வைக்கப் போனார்.

"ஐயா, செருப்பு வேணாம்யா. கருப்பரு இருக்காரு" என்றாள் செல்வி.

அவர் நல்ல மனிதர். குனிந்து கழற்றினார். மேனேஜர் கழற்றவில்லை. "நான் இங்கயே நிக்கிறேன் சார், மேல பாக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அங்கிருந்தே சத்தமாகப் பேசினார்.

"சார், இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு எல்லாரும் வந்து நடக்கிறாங்க. படத்தப் பாருங்க. பாதை இருக்கா? ஒரு ஆளு இருக்கா? அந்தம்மாவே எடுத்ததுதான்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கதானம்மா எடுத்தீங்க?"

"ஆமா சார்."

"ஏதாவது அழிச்சு மாத்துனீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப என்ன அர்த்தம்? பாதை இல்லைன்னுதான?"

"படத்துல இல்ல சார். பாறையில இருக்கு. கண்ணாடி போட்டு மறைச்சேன்."

"அன்னைக்குக் காசுக்கு ஒரு மாதிரி எடுத்தாங்க, இன்னைக்கு ஊருக்கு ஒரு மாதிரி பேசுறாங்க சார்" என்றார் மேனேஜர் கீழிருந்து. சுருக்கென்றது. முதல் பாதி உண்மை.

அதிகாரி மணி பார்த்தார். "எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு. காட்ட முடியும்னா காட்டுங்க."

அவசரப்பட்டேன். பழைய படம் எடுத்த அதே இடத்தில் ட்ரைபாடை வைத்தேன், போலரைசரையும் அதே கறுப்புக் கண்ணாடியையும் மாட்டினேன். அது காலை ஆறரை மணி வெளிச்சம், இது உச்சி வெயில் என்பது கைக்குத் தெரியவில்லை. நாலு நிமிடம் கிடைக்கவில்லை, பத்து நொடிதான் கிடைத்தது. பத்து நொடியில் ஆட்கள் மறையவில்லை, பீடிப் புகை மாதிரி இழுபட்டுத் தெரிந்தார்கள். பாதையின் பளபளப்பும் அந்த வெயிலில் அங்கிருந்து தெரியவே இல்லை. இல்லாத பளபளப்பைப் போலரைசர் எப்படி மறைக்கும்? கண்ணாடி போட்ட படமும் போடாத படமும் பாறையைப் பொறுத்தவரை ஒன்றாகவே இருந்தன.

சர்வேயர் திரையைப் பார்த்துக் கீழே சொன்னதும், மேனேஜர் மேலே வராமலே சிரித்தார். "ஆளு தெரியுது, பாதை தெரியல. நாங்க சொன்னதுதான சார்?"

நாளைக் காலை வாருங்கள் என்று கெஞ்சலாம் என்று நினைத்தேன். அவர் வரமாட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

செல்வி பக்கத்தில் வந்தாள். "என்னக்கா தேடுறீங்க?"

"பாதை மினுங்கணும். மினுங்க மாட்டேங்குது."

"இந்நேரத்துக்கு இங்கருந்து பாத்தா எப்படி மினுங்கும்? வெயிலு ஏறிருச்சுன்னா அங்கிட்டு வேம்புக்கிட்டப் போயி நிக்கணும். வயல்லருந்து வாரப்ப நாங்க அங்கருந்துதான் வழி பாப்போம். கண்ணு கூசும்."

படம் எடுக்க நான் அங்கே எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. அவளிடம் நான் கேட்டதும் இல்லை.

வேம்புக்குப் போனோம். அதிகாரியும் வந்தார். திரும்பிப் பார்த்தால் பாறையின் முதுகில் ஈரத் துணி விரித்த மாதிரி பாதை மின்னிக்கொண்டு கிடந்தது. நான் கேமராவைத் தொடவில்லை. போலரைசரைக் கழற்றி அதிகாரி கையில் கொடுத்தேன்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டு இதுவழியாப் பாருங்க சார். மெதுவாத் திருப்புங்க."

திருப்பினார். நின்றார். மறுபடி திருப்பினார். கண்ணாடியை இறக்கி வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடி வைத்துத் திருப்பினார். "அட" என்றார். அப்புறம் சர்வேயரிடம் நீட்டினார். சர்வேயர் பார்த்துவிட்டு, "போயிருச்சு சார். திருப்புனா வருது, திருப்புனாப் போகுது" என்றார்.

"பாதை சரிம்மா. ஆளுங்க?"

பையில் இதைவிடக் கருமை குறைந்த இன்னொரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த வெயிலிலும் நாலு நிமிடம் கிடைக்கும். படம் தவிட்டு நிறத்தில் அசிங்கமாக வரும். வரட்டும். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் முதலில் ஒரு சோதனைப் படம் எடுத்தேன். எல்லோரும் இருந்தார்கள், எண்ணலாம்போல. அதைச் சர்வேயருக்குக் காட்டினேன். அப்புறம் கண்ணாடிகளை மாட்டினேன்.

"இனிமே யாரும் நிக்காதீங்க. தினமும் எப்படிப் போவீங்களோ அப்படிப் போங்க."

இதே வார்த்தையை இரண்டாவது முறை அவர்களிடம் சொல்ல எனக்குக் கூசியது. செல்விதான் சத்தம் போட்டாள். "கேட்டுச்சுல்ல? தண்ணிக்குப் போறவ போ. ஏய், ஆட்ட அந்தப் பக்கம் ஓட்டு. வேடிக்கை பாத்தது போதும்."

ஷட்டரைத் திறந்தேன். குடங்கள் ஏறின, இறங்கின. ஆடுகள் குறுக்கே போயின. அரை நிமிடம் ஆகியிருக்கும், அதிகாரிக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே பாறைக்குப் போய்விட்டார், நேராக என் படத்துக்குள். உச்சி வெயில், வெறுங்கால், கல் கொதித்தது. அந்த ஊர்க்காரர்கள் பாதம் தாங்கும், அவர் பாதம் தாங்குமா? ஓரிடத்தில் நிற்க முடியாமல் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டே பேசினார்.

என் வாய் தானாகத் திறந்தது. 'சார், ஓரமா வாங்க, படத்துல விழுறீங்க' என்பது பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் வாயை மூடியதுதான்.

நாலு நிமிடம் முடிந்தது. திரையில் படம் வந்தது. தவிட்டு நிறத்தில் பாறை, வானம். குடம் இல்லை, ஆடு இல்லை, பெண்கள் இல்லை. அடிவாரத்தில் அந்த வெள்ளைக் கார் மட்டும் கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று நின்றது.

அதிகாரி போனை வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார். ஓரம் ஓரமாகத் தேடினார்.

"நான் அங்கதான நடந்துக்கிட்டு இருந்தேன்? நான் எங்கம்மா?"

"நீங்களும் இல்ல சார்."

"நாலு நிமிஷமும் அங்கதான இருந்தேன்?"

"அவங்களும் அன்னைக்கு அங்கதான் சார் இருந்தாங்க."

செல்வி எட்டிப் பார்த்தாள். "ஐயாவும் எங்க கூட்டத்துல சேந்துட்டாரு" என்றாள். ஊரே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, மேனேஜரின் காரையும் படத்தையும் பார்த்தார். "எழுதிக் குடுங்கம்மா" என்றார்.

வேம்பு நிழலில் உட்கார்ந்து எழுதினேன். என்னென்ன கண்ணாடி, எவ்வளவு நேரம், எதற்காக. பாறையில் நடந்துகொண்டிருந்தவர்களை நிற்கக் கூடாது என்று விரட்டியது நான்தான் என்றும் எழுதினேன். இந்தப் படத்தை இடத்தின் நிலைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் நகலைப் பரிசு கொடுத்தவர்களுக்கும் அனுப்பினேன். அவர்கள் பதில் போடவில்லை. ஏஜென்சிக்காரர் அதற்கப்புறம் கூப்பிடவில்லை. ஸ்டுடியோச் சுவரில் பிரேம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது.

குவாரி விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இன்னும் முடியவில்லை. எனக்கு எந்த வேலையிலும் மனம் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்களுக்குக் கறுப்புக் கண்ணாடிகூட வேண்டாம். போனில் விரலால் ஆளைத் தட்டினால் ஆள் போய்விடுகிறார். நான் நாலு நிமிடம் நின்று செய்த பாவத்தை நீங்கள் ஒரு நொடியில் செய்கிறீர்கள். ஃபில்டர் கூடாது என்று நான் சொல்லவில்லை. வானம் வெளுத்தால் வெளிச்சத்தை வெட்டுங்கள், தண்ணீரைப் பாலாக்குங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் கண்ணாடியை மாட்டும் முன் எடுத்த சோதனைப் படத்தை மட்டும் அழிக்காதீர்கள். நீங்கள் எதையெல்லாம் எடுத்தெறிந்தீர்கள் என்று சொல்ல வேறு சாட்சி இருக்காது.

மேல்முறையீட்டுக்குப் பாதையும் ஆளும் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று செல்வியின் மகள் கேட்டாள். போனேன். அதுதான் நான் ஏறிய கடைசிப் பாறை. காலை ஆறரை. கண்ணாடிகள் எல்லாம் பைக்குள். ட்ரைபாடும் இல்லை. பாதை மின்னிக்கொண்டிருந்தது. செல்வி வந்தாள், ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் தூக்குவாளி.

"செல்வி, கொஞ்சம் நில்லுங்க. ஒரே நிமிஷம்."

"அன்னைக்கு நிக்காத, நடன்னீங்க. இன்னைக்கு நில்லுங்கறீங்க. ஒங்க இஷ்டத்துக்கெல்லாம் ஆட முடியாதுக்கா, பஸ்ஸு போயிரும்."

நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். அவசரத்தில் கேமராவைத் தூக்கி அமுக்கினேன். நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி. வானம் வெளுத்துவிட்டது. அடிவானம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. முகம்கூடத் தெரியவில்லை, முதுகுதான். தூக்கிய ஒரு குதிகால், அதற்குக் கீழே பளபளவென்று கல், கையில் ஆடும் செருப்பு.

அந்தப் படம் இப்போது கோப்பில் இருக்கிறது. அதில் அவள் நிற்கவே இல்லை. ஆனால் இருக்கிறாள்.